"நான் எழுதேல்லை" என்று சொன்னவளுக்கு

இன்று காலை மேல்மாடிப் பிள்ளையை ஏசி அனுப்பிவிட்டேன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடையவில்லை, ஆனாலும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள். மடிக்கணினியைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, "அன்ரி, நான் எழுதினது சரியில்லை. நீங்களே வடிவா ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றாள். அவ்வளவுதான். "உன்ரை கடிதத்தை நீயே எழுது, எழும்பிப் போ" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதுகொண்டு படியேறினாள். தாய்க்காரி இறங்கி வந்து, "என்னக்கா, பிள்ளை அப்பிடி என்ன கேட்டவள்?" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? அந்த மேசையில், அதே கதிரையில், இதேபோல ஒரு கடிதத்தோடு நீ இருந்தாய் என்றா?

நீ எழுதித் தரச்சொல்லிக் கேட்கவும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நானாகத்தான் வலியப் போய் எழுதினேன்.

வெள்ளவத்தையில் அப்போது தொடர்மாடிக்கு ஒருத்தி இருப்பாள், ஆங்கிலம் எழுதிக் கொடுக்க. தூதரகம் திருப்பி அனுப்பிய விசா விண்ணப்பம், பிடிபட்ட மகனுக்காகத் தாய் கொடுக்கும் மனு, லண்டன் மாப்பிள்ளையின் ஸ்பொன்சர் கடிதம், எல்லாம் அவளிடம்தான் வரும். எங்கள் மாடியில் அது நான். கொழும்பில் பிறந்து ஆங்கிலத்தில் படித்தவள் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. கிளிநொச்சியிலிருந்து ஒரு பையோடு வந்து எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த உன்னை, வடக்கிலிருந்து வருபவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு என் அம்மாவோடு கூட்டிப்போய்ச் சிங்களத்தில் கதைத்ததும் நான்தான். உன்னைக் கரையேற்றுகிற பொறுப்பு முழுக்க எனக்கே என்று நினைத்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்?

உன் உயர்தரப் பெறுபேற்றில் கணிதத்துக்கு ஏ. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு நேரே "தோற்றவில்லை", சோதனைக்கே போகவில்லை என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சொல்லால், நீ விண்ணப்பித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கொழும்பு அலுவலகம் உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. ஆங்கிலச் சித்தி இல்லாதவர்கள் காரணத்தை விளக்கிக் கடிதம் எழுத வேண்டும், பிறகு நேர்முகம். நீ ஓர் அப்பியாசக் கொப்பியில், உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாய். அதில் இருந்தது இவ்வளவுதான்: எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர் இல்லை. அந்தப் பாடநேரம் நாங்கள் ஷெல்லடிக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினோம். ஆங்கிலச் சோதனை நாளன்று நாங்கள் இடம்பெயர்ந்து உழவு இயந்திரத்தில் போய்க்கொண்டிருந்தோம். கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் கிடைத்தது, அதைப் படித்து விளங்கினேன். மிச்ச ஆங்கிலத்தையும் அப்படியே படிப்பேன்.

நான் வாசித்துவிட்டுச் சிரித்தேன். "உந்தக் கடிதத்தை அனுப்பினா அவங்கள் உன்னை நேர்முகத்துக்கே கூப்பிடாங்கள்."

"பிழையே?" என்று கேட்டாய்.

"வசனத்துக்கு வசனம் பிழை."

"நடந்தது அதுதானே."

நடந்ததை யார் கேட்டார்கள் என்று நினைத்து, கொப்பித் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இரண்டு நாள் மினக்கெட்டு இரண்டு பக்கம் எழுதினேன். நீண்ட வசனங்கள், அகராதியில் தேடி எடுத்த சொற்கள். அதில் பங்கரும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை. நீ கையெழுத்து வைத்தாய், என் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அது எனக்கு அப்போது தெரியாது.

நேர்முகம் பம்பலப்பிட்டியில். நான் கீழே தேநீர்க் கடையில் காத்திருந்தேன். கால் மணித்தியாலத்தில் நீ இறங்கி வந்தாய். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழர்தானாம், ஆனால் ஒரு தமிழ்ச் சொல் வாயில் வரவில்லையாம். என் கடிதத்தை உன் முன்னால் தள்ளி, இது நீ எழுதியதா என்று கேட்டாராம். மூன்று வருடம் பங்கர் வெட்டிய பிள்ளையிடம், கள்ளனைப் பிடித்தவர்போல. இன்றைக்கும் அந்த மனிதனை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நான் எழுதேல்லை எண்டு சொன்னனான்," என்றாய்.

"ஓம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சிருக்கும்?"

"நான் எழுதேல்லையே."

காலி வீதி பஸ் தரிப்பில், அத்தனை சனத்துக்கு நடுவில், உன்னைப் பார்த்து நான் சொன்னேன்: "என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்." எந்தக் காலத்தில், எங்கிருந்து வந்த பெண்ணைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று யோசித்துப் பார். அந்தச் சொல்லுக்காக ஆட்கள் செத்த ஊரிலிருந்து வந்தவள் நீ. முதலில் வந்த பஸ்ஸில் நான் ஏறிக்கொண்டேன், நீ ஏறவில்லை.

அடுத்த கிழமை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டாய். அறை வாசலில் வந்து நின்று, "போட்டு வாறன்" என்றாய். நான் புத்தகத்திலிருந்து தலை எடுக்கவில்லை.

நீ போய் ஐந்தாம் நாள் உன் பெயருக்கு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் உடைத்தேன். உன் நேர்மையை மதிக்கிறார்களாம். வேறு யாருடைய உதவியும் இல்லாமல், உன் கையெழுத்தில், உன்னைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி மாத முடிவுக்குள் கொண்டுவந்து தந்தால் திரும்பப் பரிசீலிப்பார்களாம். நான் கிழித்துப் போட்ட பக்கம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மை சொன்ன உன்னைப் புகழ்ந்திருந்தார்கள், என் இரண்டு பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தை என் அலுமாரி லாச்சிக்குள் வைத்தேன். உன் ஊர்த் தொலைபேசிக் கடையின் இலக்கம் என்னிடம் இருந்தது. கீழ்மாடி மாமா ஒவ்வொரு கிழமையும் கிளிநொச்சிக்குப் போய்வந்தார். அவரிடம் கொடுத்திருந்தால் அந்தக் கிழமையே உன் கையில் இருந்திருக்கும். அவளே முதலில் கோல் எடுக்கட்டும், எடுத்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று வீம்பு பிடித்தேன். நீ எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கடிதம் வந்து மூன்று கிழமையில் சண்டை திரும்பத் தொடங்கி, கிளிநொச்சிப் பாதை பூட்டுப்பட்டது. ஒரு கிழமையில் திறக்கும் என்றார்கள், திறக்கவில்லை. பிறகு தொலைபேசியும் நின்றது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நீ கணக்குப் படிப்பிப்பதாக யாரோ சொல்லித் தெரிந்தது. போரின் கடைசி மாதங்களில், ஒரு தறப்பாள் கொட்டிலில், உன் காலம் முடிந்தது. அகதி முகாமிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னார்.

பாதையைப் பூட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஷெல் அடித்தவர்கள்மேல், உங்களைப் போகவிடாமல் மறித்தவர்கள்மேல், அந்த மேசைக்காரன்மேல், உன்மேலும்கூட. ஒருமுறையாவது என்னை எதிர்த்துக் கத்தியிருக்கக் கூடாதா? ஆனால் அந்த மூன்று கிழமையும் பாதை திறந்துதான் இருந்தது. அதற்கு வேறு யாரையும் திட்ட எனக்கு வழியில்லை.

உன் அம்மா தப்பிவிட்டார். வவுனியாவில் உன் தம்பியோடு இருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் கோல் எடுப்பேன். முதல் தடவை எடுத்தபோது, சுகம் விசாரித்து முடித்த பிறகு, "பிள்ளை, அந்த யூனிவேசிட்டிக்காரர் பிறகு ஒண்டும் அறிவிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. ஒண்டும் வரேல்லை."

"அதுதானே. கடிதம் கிடிதம் வந்திருந்தால் அவள் உங்கை கொழும்புக்குத் திரும்பி வந்திருப்பாள், தப்பியிருப்பாள் எண்டு நான் யோசிக்கிறனான். வரேல்லைத்தானே. அப்ப விதி எண்டு மனதை ஆத்தலாம்."

ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.