மூக்குக்காரி போன சனிக்கிழமை

மதினி,

இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு என் கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த ஈரக்கையோடு ஓடிப்போய் எடுத்தேன். அண்ணனிடமிருந்து இல்லை. பாட்டுப் போட்டிக்கு ஓட்டுப் போடும் ஆப். "புதிய சீசன் இன்று முதல். உங்கள் மனம் கவர்ந்த குரலுக்கு வாக்களிக்கத் தயாரா?" என்று கேட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, "அத எறக்கு புள்ள, நம்ம ஓட்டும் போகட்டும்" என்று என்னைப் படுத்தியெடுத்தீர்களே, அதே ஆப்தான். நீங்கள் போன பிறகு வந்த சீசனை நான் பார்க்கவே இல்லை. ஆப்பை அழித்துவிடலாம் என்று பலமுறை விரலை வைத்திருக்கிறேன். அழிக்க முடிந்ததில்லை.

இன்று சனிக்கிழமை. அண்ணன் கடலில் இருக்கிறான். ஏழு மணிக்குப் போட்டி தொடங்கும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஜெகதாப்பட்டினத்தில் சனிக்கிழமை காலையில் போகும் விசைப்படகு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கரைக்கு வரும். போட்டியும் சனி, ஞாயிறுதான். உங்கள் வீட்டுக்காரர் கடலில், என் வீட்டுக்காரர் வெளிநாட்டில். மணி ஏழு ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த படலைத் தள்ளிக்கொண்டு நான் வந்துவிடுவேன். நீங்கள் இறால் கம்பெனியில் பகல் முழுக்கத் தலை கிள்ளிவிட்டு வந்து, எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருப்பீர்கள்.

நடுவர்கள் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தீர்ப்பு வந்துவிடும்.

"சொல்ல ரெண்டாப் பொளந்து நடுவுல மூச்சு வாங்குறான் பாரு. சொல்லு முடியட்டும்டா, ஒன் மூச்சு எங்கயும் ஓடிப் போயிறாது."

"மழைன்னு சொல்ல வரல, இவன் மழைப் பாட்டுப் பாட வந்துட்டான்."

பாடுகிற பிள்ளையின் வீட்டைக் காட்டி, ஒழுகுகிற கூரையைக் காட்டி, பின்னால் வயலினை இழுப்பார்கள். உடனே எழுந்து உலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். "பாட்டுக்கு மார்க்குப் போடுறானா, பாவத்துக்கு மார்க்குப் போடுறானா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நீங்கள் பாடி நான் ஒரு வரிகூடக் கேட்டதில்லை. ஆனால் நீங்கள் குறை சொன்ன இடத்தையே ஐந்து நிமிஷம் கழித்து நடுவரும் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். நீங்கள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

எனக்கு வெகு நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. விளம்பரம் வந்தால் உங்கள் பேச்சு நின்றுவிடும். கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். வாசலுக்குப் போய்க் காற்று எங்கிட்டு இருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வருவீர்கள். அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி குறை சொல்ல ஆரம்பிப்பீர்கள். நாம் இருவரும் பார்த்தது பாட்டுப் போட்டிதான். ஆனால் நீங்கள் தாண்டிக்கொண்டிருந்தது ஒரு சனிக்கிழமையை.

அந்த சீசனில் மலைப்பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண், பாடும்போது குரல் கொஞ்சம் மூக்கு வழியாக வரும். முதல் வாரமே அவளுக்கு மூக்குக்காரி என்று பேர் வைத்துவிட்டீர்கள். "இவ ரெண்டாவது வாரத்துல மூட்டையைக் கட்டிருவா" என்றீர்கள். அவள் ஏழாவது வாரம்வரை வந்தாள்.

அந்த ஏழாவது வாரம் அவள் மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கைப்பேசி அடித்தது. போட் முதலாளி வீட்டு நம்பர். நீங்கள் பார்த்தீர்கள். எடுக்கவில்லை.

"மதினி, போன்" என்றேன்.

"பாட்டு முடியட்டும்."

அது அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. உங்கள் கண் டிவியிலேயே இருந்தது. அவள் கடைசி வரியை இழுத்து முடித்ததும், கைப்பேசியை என் பக்கம் தள்ளினீர்கள். நான்தான் பேசினேன். எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரை நேவிக்காரர்கள் போட்டைப் பிடித்துவிட்டார்கள், நாலு பேரையும் அங்கே கொண்டுபோகிறார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். நான் அப்படியே சொன்னேன். டிவியில் நடுவர் "அருமை, அருமை" என்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அடிச்சாங்களாமா?"

"இல்லையாம் மதினி."

பிறகு கொடியைக் காட்டி, "அவுக வீசிங்குக்குப் போடுற மாத்திரை அந்தச் சட்டைப் பையிலயில்ல இருக்கு. மறந்துட்டுப் போயிட்டாக" என்றீர்கள்.

ஏன் போனை எடுக்கவில்லை என்று மறுநாள் கேட்டேன். "எடுக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகலதானே புள்ள" என்றீர்கள். இன்றுவரை எந்த போன் அடித்தாலும் எனக்கு முதலில் அந்த வார்த்தைதான் வருகிறது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள். அங்கே கோர்ட்டில் நிறுத்துகிறார்கள் என்பார்கள், அப்புறம் காவலை நீட்டிவிட்டார்கள் என்பார்கள். நீங்கள் வழக்கம்போல இறால் கம்பெனிக்குப் போனீர்கள். ஆனால் சனிக்கிழமை நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். மூக்குக்காரி மேடைக்கு வந்தால் உங்கள் வாய் மூடிக்கொள்ளும். நடுவர் அவளைக் குறை சொன்னால் உங்களுக்கு முகம் சுண்டிப்போகும்.

ஒரு நாள் சொல்லியேவிட்டீர்கள். "அவுகளப் புடிச்சப்ப இவதான பாடிக்கிட்டு இருந்தா. இவ அங்க நிக்கிற வரைக்கும் அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கும் தைரியம் இல்லை. அன்றைக்குத்தான் அந்த ஆப்பை இறக்கினேன். தெருவில் யார் கையில் போனைக் கண்டாலும் ஓட்டுப் போட வைத்தீர்கள். இறால் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் எல்லோரும் மூக்குக்காரிக்கு ஓட்டுப் போட்டார்களாம். நான் சத்துணவு வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம்கூட என்னைக் கேட்க வைத்தீர்கள்.

இதற்கு நடுவில் ஒரு செய்திச் சேனல்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். மைக்கை நீட்டிய பையன் நல்ல பிள்ளைதான். "அக்கா, கொஞ்சம் எமோஷனாப் பேசுங்க. அப்பத்தான் மேல இருக்கவங்களுக்குப் போய்ச் சேரும்" என்றான்.

"தம்பி, எனக்கு அழுக வர்றப்ப நீங்க இங்க இருக்க மாட்டீங்க" என்றீர்கள். பிறகு நிமிர்ந்து நின்று நாலு பேர் பேரையும், யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும், அண்ணனுக்கு வீசிங் இருப்பதையும் சொன்னீர்கள். மாத்திரை அட்டையைக் கேமராவுக்குக் காட்டினீர்கள். சாயங்காலம் செய்தியில் அது அரை நிமிஷம் வந்தது. முந்தானையால் வேர்வையைத் துடைத்த இடத்தை மட்டும் எடுத்து, அழுவதுபோல் காட்டி, பின்னால் வயலினைப் போட்டிருந்தார்கள்.

நீங்கள் உங்களையே ஒரு போட்டியாளரைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். "நான் சொன்ன பேருல ரெண்டு காணோம். எதுக்கு இந்த வயலின இழுக்குறான்?" என்றீர்கள். பிறகு குரலைத் தணித்து, "வேகமாப் பேசிட்டேன்ல புள்ள? மூச்சு வாங்காமப் பேசிட்டேன்" என்றீர்கள். இல்லை மதினி, நன்றாகத்தான் பேசினீர்கள் என்று நான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

பத்தாவது வாரம். வியாழக்கிழமைதான் காவலை மறுபடி நீட்டியிருந்தார்கள். இரண்டு நாளாக நீங்கள் கஞ்சித்தண்ணிக்கு மேல் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கைப்பேசியைத் திறந்தால், இந்த வாரம் வெளியே போவது அந்த மலைப்பக்கத்துப் பெண்தான் என்று யாரோ முன்கூட்டியே போட்டுவிட்டிருந்தார்கள். அவள் போய்விட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்ற பயம். அதற்குள் ஒளிந்து இன்னொரு பயமும் இருந்தது: நீங்கள் சொன்னது உண்மையாகிவிட்டால்?

பொழுது சாய்ந்ததும், நீங்கள் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டு டிஷ் வயரை உருவிவிட்டேன்.

நீங்கள் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தீர்கள். திரை நீலமாக நின்றது.

"என்ன?"

"சிக்னல் இல்லன்னு வருது மதினி. மேகம் போட்டிருக்குல்ல, அதான்."

நீங்கள் வாசல் பக்கம் பார்த்தீர்கள். வெளியே ஒரு மேகம் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். பிறகு என் கையைப் பார்த்தீர்கள்.

"டிவிக்குப் பின்னாடி கெடந்த ஒட்டட பூராம் ஒன் முழங்கையில இருக்கு."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அவ போயிட்டாளா?"

தலையை மட்டும் ஆட்டினேன். நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். அந்த நீலத்தைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"வயர மாட்டு. போறவள மொகத்தப் பாத்துத்தான் அனுப்பணும்."

மாட்டினேன். கடைசியில் அவள் பேரை அறிவித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். போவதற்கு முன் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அவள் பாடி முடிக்கும்வரை நான் டிவியைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கும் மூக்குலதான் பாடுறா" என்றீர்கள். "ஆனா ஒரு சொல்லக்கூட ஒடைக்கல. முழுசாப் பாடிட்டுப் போறா."

பிறகு டிவியை அணைத்தீர்கள்.

"அவ போறதுக்கும் அவுக வர்றதுக்கும் என்ன இருக்கு? முடிச்சுப் போட்டது நாந்தான? நாந்தான் அவுக்கணும்."

அப்போதுதான் அழுதீர்கள். கேமரா இல்லை, வயலின் இல்லை. நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே, கடலுக்குப் போனவன் என் கூடப் பிறந்தவன் என்பது நினைவுக்கு வந்து நானும் அழுதேன். அழுது முடித்து நீங்களே எழுந்து போய்ச் சோற்றைப் போட்டு எனக்கொரு தட்டு, உங்களுக்கொரு தட்டு எடுத்து வந்தீர்கள். இரண்டு நாளைக்குப் பிறகு நீங்கள் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர்களை விட்டுவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கிய அண்ணன் பாதி ஆளாக இருந்தான். தாடி, தொளதொளவென்று யாருடைய சட்டையோ. ஊரே சுற்றி நின்றது. என்ன பேசுவதென்று தெரியாமல் உங்களைப் பார்த்து, "என்ன, அந்தப் பாட்டுப் போட்டி முடிஞ்சிருச்சா?" என்றான்.

"பைனல் இன்னும் வரல. மாத்திரையப் போட்டுக்கிட்டு குளிக்கப் போங்க" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. உங்கள் கை மட்டும் என் கையை விடவில்லை. நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது.

மறு வருஷம் ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. "சும்மா காய்ச்ச புள்ள, கசாயம் குடிச்சாப் போயிரும்" என்றீர்கள். நான் நம்பினேன். மூன்றாவது நாள் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். ஐந்தாவது நாள் நீங்கள் இல்லை. காற்றையும் மேகத்தையும் போனையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நாங்கள், கரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உங்களைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். முதல் நாளே கூட்டிப் போயிருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன். அண்ணன் அதை ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவன் மூன்று மாதம் கடலுக்குப் போகவில்லை. பிறகு போனான். வேறு என்ன தொழில் தெரியும் அவனுக்கு? அன்று முதல் சனிக்கிழமை காலையில் என் வாசலில் வந்து நிற்கிறான். முதல் தடவை வந்து, "போயிட்டு வாரேன்" என்றான். நான், "சரிண்ணே, போயிட்டு வா" என்றேன். அவன் நகரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னண்ணே?"

"ஒன் மதினி போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டா. வாங்கன்னு மட்டுந்தான் சொல்லுவா. இத்தன வருஷத்துல ஒரு நாக்கூட போங்கங்கற சொல்லு அவ வாயில வந்ததில்ல."

பக்கத்து வீட்டிலேயே இருந்தும் இது எனக்குத் தெரியாது மதினி. உங்கள் பாட்டு விமர்சனம் முழுக்க எனக்கு மனப்பாடம். இந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் அண்ணனிடம் தனியாக வைத்திருந்தீர்கள்.

மணி ஆறே முக்கால். வெளியே காற்று திரும்பியிருக்கிறது. கைப்பேசியில் சார்ஜ் முழுதாக இருக்கிறது, நாலு தடவை பார்த்துவிட்டேன். இன்று காலையும் அவன் வாசலில் வந்து நின்றான். டீயைக் குடித்துவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

நான், "வாண்ணே" என்றேன்.

நாளைக் காலையில் போட் கரை பிடிக்கும்வரை அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.