பாவுக்கு அடியில் ஓடிய ரயில்

1974 ஐப்பசி, அமாவாசை

அமாவாசைக்குத் தறி ஓடாது. இன்று என் பொம்மை ரயில் ஓடியது!

இத்தனை நாளும் தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்சித்தான் ஓட்டினேன். தறியிலிருந்து உதிரும் சரிகைத் துணுக்கு ஒன்று குறுக்கே விழுந்தாலும் பொறி பறந்து எஞ்சின் நின்றுவிடும். "பட்டுல நெருப்பு புடிச்சா என்னா பண்ணுவ? இத்த தூக்கிப் பரண்ல போடு" என்றாள் மனைவி சரசா. நியாயம்தான்.

அதனால் டார்ச் பேட்டரியை எஞ்சினுக்குள்ளேயே அடைத்தேன். ரேடியோ அலையில் ஓடும்படி மாற்றினேன். அந்த அலையை அனுப்பக் கையில் பிடிக்கும் பொத்தான் பெட்டி ஒன்று செய்து, அதற்கு ஏரியலாக அதே சரிகையைத்தான் கட்டினேன். என்னைப் படுத்திய பாட்டுக்கு அது உழைக்கட்டும்.

மாலையில் பொத்தானை அழுத்தினேன். தறியில் நீளமாகக் கட்டியிருந்த பாவு நூலுக்கு அடியில் ரயில் கிளம்பியது. சரசா நம்பவில்லை. ஒரு சிட்டிகை சரிகைத் துணுக்கை எடுத்துத் தண்டவாளத்தில் போட்டாள். ரயில் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

"இங்க குடுய்யா" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

எங்கள் அலை பக்கத்து வீட்டு ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்த வீட்டம்மா கத்தினார்: "சரசா, எங்க ரேடியோ கொரகொரன்னுக்கினே இருக்குது. உங்களுது?"

"இங்கியும் அப்பிடித்தாங்கா இருக்குது" என்றாள் சரசா. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.