பங்களாவில் அலறியது நான்தான்

விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து என்னைப் பயமுறுத்தியே வளர்த்த என் அண்ணனுக்கு,

அம்மா இன்றைக்குத்தான் சிரித்துவிட்டுத் தூங்குகிறாள். உனக்கு எழுதுவதைப் பார்த்தால் அழுதுவிடுவாள். அதனால் போர்வைக்குள் டார்ச்சோடு ஒளிந்திருக்கிறேன். வெளியே கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்கிறது. எனக்கு இப்போதும் பயம்தான். சிரிக்காதே.

பதுளையிலிருந்து ஒரு பழைய துப்பறியும் நாவலைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாயே, பூட்டிய அறைக்குள் ஒரு பெண் அலறுவாளே? கொலைகாரன் யார் என்று சொல்லாமலே போய்விட்டாய். அதை டீவிப் படமாக எடுக்க நம் தோட்டத்துப் பெரிய பங்களாவுக்கே வந்தார்கள்!

கொழும்பிலிருந்து வந்த நடிகை அலறினார். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். "வேற யாராச்சும் கத்துவீங்களா?" என்று டைரக்டர் கேட்டார். நம் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு மாரி மாமா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

"இந்தா சார், எங்க லயத்துப் பயந்தாங்கொள்ளி. இவ பல்லியப் பார்த்தா பண்டாரவளை வரைக்கும் கேக்கும்."

மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்கள்.

"பேய் பின்னாடி நிக்குதுன்னு நெனச்சுக்க பாப்பா" என்றார் டைரக்டர். நினைத்தேன். சத்தம் வரவில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ பெட்டியில் வந்த அன்றும் இப்படித்தான். எல்லாரும் கதறினார்கள், நான் மட்டும் ஊமைபோல நின்றேன்.

"விடுங்க சார், இந்தப் புள்ளைக்கு வராது" என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் தோன்றியது: இனிமேல் விறகுக்குப் பின்னால் யாருமே இல்லை.

கத்தினேன் அண்ணே! மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள், குளவிக்கூடு கலைந்து யாரையோ கொட்டுகிறது என்று கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். நடிகை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இன்றைக்குப் படம் போட்டார்கள். மாரி மாமா வீட்டில் லயமே கூடியிருந்தது. நடிகை வாயைத் திறந்தார், என் குரல் வந்தது. பக்கத்திலேயே நின்று அன்று கேட்ட மாமாகூடத் தேத்தண்ணியை மடியில் கொட்டிக்கொண்டார். ஒரே கைதட்டல். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மகன் இதக் கேட்டிருந்தா தலதெறிக்க ஓடியிருப்பான்" என்று சிரித்தாள். உன்னைப் பற்றிப் பேசிச் சிரித்தாள், கேட்டாயா?

கொலைகாரன் டாக்டர்தான். நான் அன்றே சொன்னேன், நீ ஒத்துக்கொண்டாயா?

நாளையிலிருந்து இருட்டினாலும் விறகெடுக்க நான்தான் போவேன், துணைக்கு அம்மாவைக் கூப்பிடமாட்டேன். இது சத்தியம். பின்னால் யாராவது ஒளிந்திருந்தால் அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

லயமே கைதட்டிய,
உன் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி