இரண்டும் இடது கால்

3 மார்ச், திங்கள்

பனி. மைதானத்தின் அந்தப் பக்கத்து கோல் கம்பம் தெரியவில்லை. சுண்ணாம்பு மூட்டை இன்னும் வரவில்லை, கோடு போடாமலே ஓட விட்டேன். தோல் பதனிடும் தொட்டி வாடை இன்று கம்மி. காற்று வேறு பக்கம்.

வாங்க: சுண்ணாம்பு, வலி ஸ்ப்ரே, விசிலுக்குக் கயிறு. பழையதை யாரோ ஜடைக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நந்தினி எண்ணூறு மீட்டர் நன்றாக ஓடினாள். பி.காம். இரண்டாம் வருடம், ஒடுகத்தூர்ப் பெண், விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்ததால் ஃபீஸ் இல்லை. பதினைந்தாம் தேதி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து உட்காருவார்கள். பெயர்ப் பட்டியலில் முதல்வர் கையெழுத்து பதின்மூன்றுக்குள் வேண்டும்.

ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "மேடம், ஒண்ணு கேக்கணும். திட்டக் கூடாது."

அவள் அம்மா வேலை செய்யும் ஆம்பூர் ஷூ கம்பெனி. இத்தனை காலம் வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பியவர்கள், இப்போது இங்கேயே விற்க ஸ்போர்ட்ஸ் ஷூ இறக்குகிறார்களாம். விளம்பரத்துக்கு இவள் படம். காசு தருவார்கள். செய்யலாமா என்று கேள்வி.

"காலேஜ் கமிட்டிய கேக்காம எதுலயும் தலையிடாத" என்றேன்.

"இல்ல மேடம்... போட்டோ சனிக்கிழமையே எடுத்துட்டாங்க."

அடிப்பாவி. அனுமதி கேட்க வரவில்லை, பாவமன்னிப்புக்கு வந்திருக்கிறாள்.

5 மார்ச், சாம்பல் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு கல்லூரி. தவக்காலத்துக்கு டீயை விட்டேன். பத்து மணிக்கே தலைவலி.

கமிட்டி: மு. (முதல்வர்), காமர்ஸ் ஜெயராஜ் சார், உடற்கல்விக்கு நான். கம்பெனி சார்பில் இம்தியாஸ், முதலாளி மகன், முப்பது வயதுகூட இருக்காது. மேஜையில் நாலு டீ. அவருக்கு நோன்பு, எனக்குத் தவம், ஜெயராஜ் சாருக்கு சர்க்கரை. நாலையும் மு. குடித்தார்.

மு.: "ஃபீஸ் வாங்காம படிக்க வெக்கிறோம். அவ ஓடறது காலேஜுக்காக. அந்தக் கால் நம்ம காலேஜோடது மேடம்."

ஜெயராஜ் சார் கண்ணாடியைத் துடைத்தார். "மியூசிக் குரூப் பையன் கல்யாணத்துல கீபோர்டு வாசிச்சுட்டு கவர் வாங்கறான். அவன் விரல் யாரோடது சார்?"

மனிதர் கமிட்டியில் வாயைத் திறப்பதே அபூர்வம். கைதட்டத் தோன்றியது. தட்டவில்லை.

மு. தடுப்பதிலும் நியாயம் உண்டு, எழுதி வைக்கிறேன். இன்று ஷூ. நாளை பான் மசாலா வரும், அதற்கு மறுநாள் போனில் ஆடுகிற சூதாட்டம் வரும். பத்தொன்பது வயதுப் பெண் யாரிடம் முடியாது என்பாள்? வாய் தவறிச் சரி என்றுவிட்டால் யார் காப்பாற்றுவது?

முடிவு: நான் விதிமுறை எழுத வேண்டும். அதுவரை படம் எங்கும் வெளியே வரக் கூடாது.

இம்தியாஸ் தொண்டையைக் கனைத்தார். "சார், பேஜாராயிடுச்சு. போர்டு நேத்தே ஏத்திட்டோம். பைபாஸ்ல."

மு. காலி டம்ளரை எடுத்துக் குடித்தார்.

6 மார்ச், வியாழன்

வெயில் தொடங்கிவிட்டது. மதியம் ஸ்கூட்டியில் பைபாஸ்.

பெரிய போர்டு. நந்தினி பாய்ந்து ஓடுகிறாள். நம் கல்லூரி ஜெர்சி. அழகாகத்தான் இருக்கிறாள், இல்லை என்று சொல்ல முடியாது. கீழே சிவப்பில்: இதைப் போட்டுத்தான் ஓடறேன்!

எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பக்கத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னல் முழுக்கப் பெண்கள்.

"ஐய, இன்னாடி இது? ரெண்டும் லெஃப்ட்டு!"

"ரைட்டு கால் இன்னா, லீவா?"

வேனே குலுங்கியது. மறுபடி பார்த்தேன். ஆமாம். இரண்டு ஷூவும் ஒரே பக்கம் வளைந்திருக்கின்றன. வேறு ஊராக இருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனியில். டீக்கடைக்காரர்கூட "மேடம், உங்க காலேஜு பொண்ணா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் நந்தினியைப் பிடித்தேன்.

"சாம்பிள்னா ஒத்தக் கால்தான் மேடம் செய்வாங்க. லெஃப்ட்டு மட்டும். அதுவும் சின்ன சைஸு, எனக்கு நுழையவே இல்ல. வெறுங்கால்ல ஓட சொல்லி எடுத்தாங்க. ஷூவ கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிறோம்னாங்க."

"'இதைப் போட்டுத்தான் ஓடறேன்'னு நீ சொன்னியா?"

"நான் எதுவுமே சொல்லல மேடம். சிரின்னாங்க, சிரிச்சேன்."

போர்டு ஏறும் முன் யாரும் இவளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்.

8 மார்ச், சனி

மகளிர் தின விழா. ரோஜாப்பூ, ஒரு லட்டு. அது முடிந்த கையோடு மு. கூப்பிட்டார்.

ஊரே சிரிக்கிறதாம். கமிட்டி சொல்வதற்குள் படம் எடுத்தது ஒழுங்கீனமாம். காசு வாங்கியது அதைவிடப் பெரிய ஒழுங்கீனமாம். நந்தினி பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கொண்டுவந்தால்தான் கையெழுத்து.

"ரிசர்வ்ல யாரு?"

"காயத்ரி சார்."

"அவ போதும்."

என்ன போதும்? வெளியே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கம் இல்லை, வெறும் கோபம். லட்டு கையிலேயே பொடியாகிவிட்டது.

மூன்று மணிக்கு நந்தினியின் அம்மா விஜயா வந்தார். கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து டப்பாவில் வைக்கிற வேலை. அதே வேலை, நாள் முழுக்க.

"ஜோடி மாறிப்போச்சுன்னா சூப்பர்வைசர் அந்தக் கத்து கத்துவாரு மேடம். எம் பொண்ணு கால்லயே மாத்தி மாட்டி, ரோட்ல நிக்க வெச்சிட்டாங்க. வேன்ல எம்பேரே மாறிப்போச்சு. லெஃப்ட்டு விஜயாவாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது.

"அவ ஓடணும் மேடம். காச வேணா திருப்பிக் குடுத்துடறேன். பெரிய சாருகிட்ட சொல்லுங்க."

"குடுக்காதீங்கம்மா. அது அவ காசு" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

10 மார்ச், திங்கள்

சுண்ணாம்பு வந்தது. பாதி ஈரம்.

விதிமுறை, முதல் வரைவு. கல்லூரி ஜெர்சியில் விளம்பரம் கூடாது. புகையிலை, மது, சூதாட்டம் கூடவே கூடாது. பரீட்சை நாளிலும் போட்டி நாளிலும் படப்பிடிப்பு கிடையாது. காசு நேராக மாணவர் கணக்குக்கு. இதற்குப் பக்கத்தில் மு. பென்சிலால் 'காலேஜுக்கு ஒரு பங்கு' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஜெயராஜ் சார் வாங்கிப் படித்தார், ரப்பர் எடுத்து அழித்தார், தூளை ஊதினார், என்னிடம் கொடுத்தார்.

காயத்ரி வந்து முறைத்துக்கொண்டு நின்றாள். "ரிலேல நாலு பேரு ஓடினோம். போர்டுல ஒருத்தி. இதுக்கு ரூல் போடுங்க மேடம்."

இதற்கு என்ன விதி எழுதுவது? உண்மையிலேயே தெரியவில்லை. அதையே அவளிடம் சொன்னேன்.

போகும்போது திரும்பி, "ஆனா அவ எடத்துல நான் ஓட மாட்டேன். எனக்கு எண்ணூறு வராது, உங்களுக்கே தெரியும்" என்றாள். அருமைப் பெண். பொறாமையும் இருக்கிறது, மனசும் இருக்கிறது.

இம்தியாஸ் போன். போர்டை இறக்குகிறார்கள். அவள் காலுக்கு அளவெடுத்து ஜோடி செய்து, அவள் போட்டு ஓடிப் பார்த்துச் சரி என்றால்தான் மறுபடியும் படமாம். "அவங்க காசு அவங்களுது மேடம், தப்பு எங்களுது." சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு அனுப்பினார். ருசியாக இருந்தது. டீ இல்லாத குறை அரை மணி நேரம் மறந்தது.

12 மார்ச், புதன்

காலையில் வரும்போது பைபாஸ் போர்டு இல்லை. வெறும் இரும்புச் சட்டம். அப்பாடா என்றிருந்தது.

கல்லூரி கேட்டில் புது ஃப்ளெக்ஸ். 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.' இடது மூலையில் செயலாளர், வலது மூலையில் மு. நடுவில் ஆள் உயரத்துக்கு நந்தினி. பாய்ந்து ஓடுகிறாள். 'எங்கள் பெருமை' என்று மஞ்சள் எழுத்து.

காலைப் பார்த்தேன். இரண்டும் லெஃப்ட்.

வாட்ச்மேன் சொன்னது: ஃப்ளெக்ஸ் கடைப் பையன் யார் படம் போடுவது என்று கேட்டானாம். மு., "நம்ம பொண்ணுதானே, நெட்ல படம் இருக்கும், எடுத்துக்கோ" என்றாராம். பையன் கம்பெனி பெயரை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அப்படியே ஒட்டிவிட்டான்.

கேட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் பயந்துபோய் வணக்கம் சொன்னார்கள்.

13 மார்ச், வியாழன்

வெயில், புழுக்கம். கடைசி நாள்.

பட்டியலைக் கொண்டுபோனேன். நந்தினி பெயரோடு. கூடவே விதிமுறையின் நல்ல பிரதி. ஜெயராஜ் சார் தானாகவே வந்து உட்கார்ந்தார்.

மு. ஒவ்வொன்றாகப் படித்துத் தலையாட்டினார். ஐந்தாவதில் நின்றார். நேற்று ராத்திரி சேர்த்தது: மாணவர் படத்தை யார் எதற்குப் போட்டாலும் முதலில் அவரிடம் காட்டி, சம்மதம் வாங்கி, உரிய காசு கொடுக்க வேண்டும்.

"யார் போட்டாலும்னா?"

"யாரா இருந்தாலும் சார்."

"நாமளுமா?"

ஜெயராஜ் சார் ஜன்னல் திரையை விலக்கினார். கேட் தெரிந்தது. ஃப்ளெக்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது, அது போதும். "சார், ரெண்டும் லெஃப்ட்டு" என்றார்.

மு. முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டினார். பேனாவை எடுத்தார். விதிமுறையில் ஒன்று, பட்டியலில் ஒன்று, இரண்டு கையெழுத்து. நந்தினி பெயர் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. "அதக் கழட்டச் சொல்லுங்க மேடம், இப்பவே."

ஓடியே போனேன், இந்த வயதில். நந்தினி கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றாள். சனிக்கிழமை ஓடுகிறாய் என்றேன். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள். ஃப்ளெக்ஸைக் கழற்றப் போகிறார்கள் என்று சொல்லி, ஐந்தாவது விதியைப் படித்துக் காட்டினேன்.

அண்ணாந்து, ஃப்ளெக்ஸில் இருந்த தன் காலையே பார்த்தாள்.

"கழட்ட வேணாம்னு சொல்லுங்க மேடம். ஒரு காலை மட்டும் சரி பண்ண சொல்லுங்க. கம்பெனி குடுத்த அதே ரேட்டு."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். நான் திரும்பி முதல்வர் அறைக்கு நடந்தேன்.