மதகில் முக்கால் முழம்

ஆம்பல்நாட்டின் ஏரிகள் நிறைக, கரைகள் நிலைக்க.

ஏழு ஏரிகளுக்கும் உரியவளும் வாகை மாளிகையில் வீற்றிருப்பவளுமாகிய அரசி நீலமாதேவி, அளவைத் தலைவர் கோளரி மாராயருக்கு எழுதுவித்த ஓலை. உமது இல்லம் நலமாகுக. உமது கிணறு ஊறுக. உமது அறிவையும் வாழ்த்தலாம் என்று பார்த்தோம், மனம் வரவில்லை.

நீர் விடுத்த ஓலை கண்டோம். மணமக்கள் மீது தூவும் அட்சதையில் முனை முறிந்த அரிசி கலவாதது போல, அரசின் அளவுகளிலும் உடைந்த எண் கலக்கலாகாது என்று கண்டுபிடித்தீராம். எனவே மானேரி மதகின் அளவுக்கல்லில் இருந்த கால், அரை, முக்கால் கோடுகளைச் செதுக்கி எறிந்து, முழு எண்களை மட்டும் விட்டுவைத்தீராம். இதற்குப் பரிசாகப் பட்டாடை வேறு கேட்டிருக்கிறீர்.

நொச்சிவயலின் பங்கு, முறை நாளில் மதகுப் பலகையை முக்கால் முழம் உயர்த்தி விடும் தண்ணீர். ஒரு முழம் உயர்த்தினால் அடுத்த ஊரின் பங்கு போய்விடும். முக்கால் என்று ஓர் எண்ணே கிடையாது என்ற நீரோ, பலகையை இறுக மூடிவிட்டீர். அவ்வூர் ஒச்சாயி, கருகிய நாற்றுக் கட்டைச் சுமந்து நம் அவைக்கு வந்தாள். "தாயே, அந்த அய்யா அப்பத்தப் பிட்டுத் திங்க மாட்டாகளா? முழுசாத்தான் முழுங்குவாகளா?" என்று கேட்டாள். அவை சிரித்தது, நாமும் சிரித்தோம். "இன்னொரு முறை தப்புனா நாத்து மிஞ்சாது, ஊரக் காலி பண்ண வேண்டியதுதான்" என்றாள். சிரிப்பு நின்றது.

மாராயரே, தண்ணீர் மதகின் அடிப்படிக்குக் கீழே இறங்கும்போது பார்க்கும் குறை ஒன்று, குறை இரண்டு என்ற கோடுகளை நீர் தொடவில்லை. அவை முழு எண்களாம்! சுழியத்துக்கும் கீழே கிடப்பதற்கு உம்மிடம் இருக்கை உண்டு; கண்ணெதிரே ஓடும் அரை முழத் தண்ணீருக்கு இல்லை. பலகை சுழியத்திலிருந்து ஒன்றுக்கு எப்படி ஏறுகிறது? தவளை போலத் தாவியா?

கேளும். ஒரு முழு எண்ணை மற்றொரு முழு எண்ணால் வகுக்கப் பிறப்பது விகிதமுறு எண். சுழியத்தால் மட்டும் வகுக்கலாகாது. ஆளே இல்லாத பந்தியில் பங்கு பரிமாற முடியாது. மூன்றை நான்கால் வகுத்தால் முக்கால். நீர் கும்பிடும் மூன்று மட்டும் என்ன? பன்னிரண்டை நான்கால் வகுத்தது; அதுவும் வேண்டாமெனில் மூன்றை ஒன்றால் வகுத்தது. குறை இரண்டும் அப்படியே, குறை எட்டை நான்கால் வகுத்தது. முழு எண்கள் அனைத்தும் அந்தப் பெருங்குடும்பத்துப் பிள்ளைகளே. நீர் தெருவில் தள்ளிய முக்கால், மூன்றின் உடன்பிறப்பு. நான்கு முக்கால்களைக் கூட்டிப் பாரும். அந்த மூன்றே வந்து நிற்கும்.

முறிந்த அரிசி மீண்டும் ஒட்டாது. எண் ஒட்டும். அரையும் அரையும் சேர்ந்த ஒன்றில் தழும்பு கூட இராது. இதை அறியாதவரிடமா நாட்டின் அளவுகோலைக் கொடுத்தோம் என்று நமக்கே வெட்கமாயிருக்கிறது.

ஆகவே ஆணை. ஓலை கண்டதும் உளியோடு மானேரி செல்க. ஒரு முழக் கயிற்றை நான்காக மடித்து அளந்து, பலகையை முக்கால் முழம் உயர்த்தி, முதலில் தண்ணீர் விடுக. பின்பு அழித்த கோடுகளை உம் கையாலேயே வெட்டுக. நொச்சிவயலின் நாற்று தேறும் வரை அங்கேயே தங்குக. அதுவரை உமக்கு நொய்க்கஞ்சியே உணவு; முனை முறியாத ஓர் அரிசியும் உமது கலத்தில் விழாது. உடைந்த அரிசி பசியாற்றுகிறதா என்று நமக்கு எழுதுக.

ஆம்பல் மொட்டு முத்திரை இட்டோம். இவ்வோலையில் கால் பங்கை நறுக்கிவிட்டு, மீந்த முக்காலில்தான் எழுதுவித்திருக்கிறோம். முக்கால் ஓலையில் வந்தது ஆணையே அல்ல என்று தோன்றினால், மதகைத் திறவாமல் இருந்து பாரும்.