உட்காரக் கூடாத நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

இன்று வந்தவர் என் வீட்டுக்காரரின் அலுவலக நண்பர். களைத்து வந்த மனிதர், கூடத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனார். உட்காரவில்லை, உட்காரப் போனார். அதற்குள் மாமனார் தன் அறையிலிருந்து, "தம்பி, அதுல இல்ல, அதுல இல்ல" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். எண்பது வயதில் அந்த ஓட்டம். வந்தவர் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். நான் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். அதில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டுப் போனார். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

கூடத்தில் மொத்தம் இரண்டு பிரெஞ்சு நாற்காலிகள். காலும் கையும் வளைந்து நெளிந்து, பட்டுத் துணி போர்த்தி, யாருக்கும் உதவாமல் நிற்கின்றன. நடுவில் ஓர் இழுப்பறை மேசை. மேலே பளிங்குப் பலகை. அதன்மேல் ஒரு டம்ளர் வைக்கக் கூடாது. வைக்க அனுமதி பெற்றது கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் கடிகாரம் மட்டும். பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படிக்கிறாள், பக்கத்தில் மணி காட்டும் வட்டம். இந்த வீட்டில் பிரெஞ்சு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரே பெண் அவள்தான்.

மாமனார் பிரான்சை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவர். ஊரைவிட்டுப் போகும் வெளிநாட்டு அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். இருபத்திரண்டு வருடம் முன்னால் நான் கல்யாணமாகி உள்ளே வந்தபோது அவர் சொன்ன வரவேற்பு வார்த்தை இதுதான்: "அதுல சாயாதேம்மா."

ஏப்ரலில் புது ஃபிளாட் கைக்கு வருகிறது. அங்கே ஒரு சோபா வாங்குவேன். ஆள் புதைந்துபோகிற சோபா. காலை மடக்கிப் போட்டு அதில் உட்காருவேன். பெரிய ஆசை ஒன்றுமில்லை, உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு காலை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சடங்கு. மாமா கண்ணாடிக் கூண்டைத் தூக்கும்போது பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், தூங்கிக்கொண்டிருப்பார். எனவே நான்.

கூடவே பிரசங்கம். முள்ளைப் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது. நாற்காலியை முதுகைப் பிடித்துத் தூக்கக் கூடாது, உட்காரும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். இழுப்பறையை ஒரு கையால் இழுக்கக் கூடாது, இரண்டு பிடியையும் சேர்த்து இழுக்க வேண்டும். வெயில் படக் கூடாது, ஏசி காற்று படக் கூடாது. வெண்கலத்தில் துணியே படக் கூடாது, மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். "அவ உடுப்பு மங்கலாத்தான் இருக்கணும், கன்னம் மட்டும் மினுங்கணும். அப்படித்தான் செஞ்சிருக்கான். கறுப்பா தெரியுறது அழுக்கு இல்லம்மா. வயசு."

வயசை வேறு யாரிடமாவது இவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்கிறாரா? எனக்கு நாற்பத்தாறு.

"இது எல்லாம் உனக்கு எங்க புரியப்போகுது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார்.

"கற்பூரத்துக்குத் தூசி தட்டுறதே கழுதைதானே மாமா" என்றேன். அவருக்குக் காது மந்தம். எங்கள் உறவு இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததில் அந்தக் காதுக்குப் பெரிய பங்கு உண்டு.

டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் வர வேண்டுமாம். இல்லாவிட்டால் கடிகாரம் நொண்டுகிறது என்று அர்த்தமாம், நொண்டுவது சீக்கிரம் நின்றுவிடுமாம். இப்போது அவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. மகன் எழுந்து வந்ததும், "சரியா நடக்குதாடா?" என்று கேட்டார். "சூப்பரா ஓடுதுப்பா" என்றார் இவர், போனைப் பார்த்துக்கொண்டே. குதிரை ஓடினாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் சரியாகத்தான் நடந்தது. எனக்குக் கேட்கிறதே, என்ன செய்ய.

மார்ச் 12, வியாழன்

என் வீட்டுக்காரர் ஃபிளாட்டை அளந்துவிட்டு வந்தார். கடிகாரத்துக்கு ஒரு சுவர்ப் பலகை, அது போக ஒரே ஒரு சாமானுக்கு இடம். எது என்று மாமா யோசித்துச் சொல்லட்டுமாம்.

நாத்தனார் போனில் அழுதார். அப்பாவின் பொருள் வெளி ஆள் கைக்குப் போகக் கூடாதாம். அதனால் மிச்சத்தை எல்லாம் அவரே எடுத்துக்கொள்கிறாராம். இழுப்பறை மேசை ஜன்னலோரம் கச்சிதமாக உட்காருமாம், டி.வி. வைக்க உயரம் சரியாக இருக்குமாம். பாசம்கூட உயரம் பார்த்துத்தான் வரும்போல.

காது டாக்டரைப் பார்க்க மாமா ஒரு வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போகிறார். ஒரு வாரம் எனக்கு விடுதலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். சீ, அதற்கு ஒரு மரியாதை கொடுப்பானேன்.

மார்ச் 15, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் என் வீட்டுக்காரர் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்தார். கையில் உலோகம் துலக்கும் திரவம் ஒரு பாட்டில், பக்கத்தில் கிழிந்த பனியன். போனில் ஒரு வீடியோ, யாரோ ஒருவன் குழாயைத் தேய்க்கிறான்.

"அப்பா வர்றதுக்குள்ள புதுசு மாதிரி ஆக்கிடுறேன், பாரு" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

நான் எதிரே ஸ்டூலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். அந்தத் திரவம் பட்டால் முலாம் போய்விடும், போனது திரும்பாது என்று எத்தனை ஞாயிறு கேட்டிருக்கிறேன். 'ஏங்க, வேண்டாம்' — இரண்டே வார்த்தை. சொல்லவில்லை. பூண்டு உரித்தேன். உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. தேய், நன்றாகத் தேய் என்று இருந்தது.

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். குரங்கு கையில் பூமாலை. அந்தப் பெண் குளியலறைக் குழாயைப் போல மின்னினாள், உடுப்பும் கன்னமும் ஒரே மினுக்கு. மூக்கிலும் முழங்காலிலும் பொன் போய் வெண்கலம் வெறுமையாகத் தெரிந்தது. "எப்படி?" என்றார். "பிரமாதம்" என்றேன். மாமா வைத்துவிட்டுப் போன சாவியை எடுத்து, கடிகாரத்துக்குச் சாவியும் கொடுத்து வைத்தார்.

சாயங்காலம் தூசி தட்டப் போனபோது அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என்னடி, உனக்கும் எனக்கும் என்ன உறவு?

மார்ச் 19, வியாழன்

மாமா திரும்பினார். நான் சமையலறை வாசலில் நின்றேன். சும்மா நிற்கவில்லை, வேடிக்கை பார்க்க நின்றேன். கத்துவார், மகனைக் கிழிப்பார், கூரை பறக்கும் என்று எதிர்பார்த்தேன்.

நெடுநேரம் பார்த்தார். கூண்டின் கண்ணாடிமேல் ஒரு விரலை வைத்தார், எடுத்தார்.

"பளிச்சுனு இருக்குடா. கை வலிக்கத் தேச்சிருப்ப போல."

"உங்களுக்காகத்தான்பா."

"தெரியுது" என்றார். அறைக்குள் போனார். பசிக்கவில்லை என்றார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மகன் உடைத்தால் குடம் உடையவே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

இன்றும் அரை வயிறுதான் சாப்பிட்டார். எனக்கென்ன.

மார்ச் 22, ஞாயிறு

சாவி கொடுக்க மாமா எழுந்து வரவில்லை. நான் கூண்டுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். காய் நறுக்கினேன். மறுபடி போய் நின்றேன். வெட்கம்கெட்ட பழக்கம்.

மார்ச் 24, செவ்வாய்

கடிகாரம் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் நேரத்தைப் போனில் பார்த்துவிட்டு அலுவலகம் போனார்.

மாமா சமையலறைக்கு வந்தார். அந்த வாசலை அவர் மிதித்து எனக்கு ஞாபகமில்லை.

"அவன் தேய்க்கிறப்ப நீ வீட்லதானே இருந்தே?"

"இருந்தேன் மாமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன?"

"பாத்தேன் மாமா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." காது கேளாதவரிடம் தப்பை ஒப்புக்கொள்வதைப் போல ஒரு தண்டனை கிடையாது, கத்திச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"உனக்குத் தெரியும்ல, அதுல அது படக் கூடாதுன்னு."

தலையை ஆட்டினேன். இப்போதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. இடுப்பிலிருந்து கடிகாரச் சாவியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"இனிமே நீயே குடு."

"நான் எதுக்கு? உங்க பையன் இருக்காரே."

"அவனுக்கு ஆசை இருக்கு. காது கொடுத்துக் கேட்டதில்ல. நீ திட்டிக்கிட்டேயாவது கேட்ட."

நான் திட்டியது அவருக்கு எப்படிக் கேட்டது?

"அவன்கிட்ட சொல்லிடாத. ஆசையா பண்ணியிருக்கான்" என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆசையாகக் கெடுத்தவருக்கு மன்னிப்பு. கெடுவதை ஆசையாகப் பார்த்தவளுக்குச் சாவி. இது என்ன நியாயம்?

போகும்போது திரும்பி, "ஃபிளாட்டுக்கு இன்னொண்ணு எதுன்னு நீயே சொல்லிடு" என்றார்.

"நாற்காலி" என்றேன், ஒரு வீம்பில். உட்காரத்தான் போகிறேன், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

அவர் போன பிறகு அழுதேன். வெங்காயத்தின்மேல் பழிபோடலாம் என்றால் இன்று வெங்காயமே நறுக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

துலக்கும் திரவத்தைக் காணோமாம், என் வீட்டுக்காரர் தேடுகிறார். நாற்காலியின் பித்தளை ஆணிகளையும் ஒரு கை பார்க்க வேண்டுமாம். குப்பை வண்டி நேற்றே வந்து போய்விட்டது. "எங்க வெச்சீங்களோ" என்றேன்.

ஏப்ரல் 4, சனி

வீடு மாறினோம். மேசையையும் மற்ற நாற்காலியையும் எடுக்க நாத்தனார் ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு பேர் பளிங்குப் பலகையைப் படுக்கை வாட்டத்தில் தூக்கப் போனார்கள்.

"படுக்க வெச்சுத் தூக்காதீங்க, நடுவுல விரிஞ்சிடும். நிமிர்த்திப் பிடிங்க. முதல்ல இழுப்பறைய எல்லாம் வெளிய எடுங்க. ஒரு பக்கம் மட்டும் இழுக்காதீங்க, ரெண்டு பிடியும் சேர்த்து." யாரடா இது இப்படிக் கத்துவது என்று பார்த்தால், நான். அதே இழுவை, அதே தொண்டை. கையைக்கூட நீட்டியிருந்தேன்.

வாசலில் நின்ற மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்று சத்தியம் செய்வேன்.

மேசை போகிறது, வெயில் அடிக்கும் ஜன்னலோரத்துக்கு, டி.வி. சுமக்க. கடிகாரத்தின் ஊசலைக் கழற்றித் துணியில் சுற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நாற்காலியை நானும் ஓர் ஆளும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஊசலை மாட்டிச் சாவி கொடுத்தேன். நடந்தது. ஆனால் நொண்டியது. டிக்... டாக்டிக்... டாக்டிக். கட்டியவன் சுவர்ப் பலகையைக் கோணலாக அடித்திருக்கிறான். ஃபிளாட்டாம், லிஃப்டாம், ஒரு பலகை நேராக இல்லை.

"சூப்பரா ஓடுது" என்றார் என் வீட்டுக்காரர்.

மாமா பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். சரியாக நடக்கிறதா என்று கேட்கிற பார்வை. நான் சாப்பாடு எடுத்துவைக்கப் போனேன். சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் கண் அயர்ந்த பிறகு பேருந்துச் சீட்டு ஒன்றை மடித்துக் கடிகாரத்தின் இடது காலுக்கடியில் செருகினேன். போதவில்லை. இன்னொரு மடிப்பு. காதை வைத்துக் கேட்டேன். இன்னொன்று. சட்டென்று சமமாயிற்று. டிக், டாக், டிக், டாக்.

பாசமெல்லாம் ஒன்றுமில்லை. அந்த நொண்டலோடு ஒரு வீட்டில் மனுஷி குடியிருக்க முடியாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சோபா வந்துவிட்டது. கேட்டபடியே ஆள் புதைகிற சோபா. மாமா உட்கார்ந்தார், புதைந்தார், எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். இழுத்ததும், போகட்டும், இங்கேயே இருக்கிறேன் என்று மறுபடி புதைந்துகொண்டார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனார். ஆக, என் சோபாவில் எனக்கு இடமில்லை.

நான் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்தேன்.

"அதுல எதுக்கு? இதுல உட்காரு" என்றார் மாமா. நாற்காலியைக் காட்டினார்.

"எதுல?"

"உட்காரத்தானேம்மா நாற்காலி."

இருபத்திரண்டு வருடம் கழித்துச் சொல்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு, முதுகு சாயாமல், ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, குத்தியது. உள்ளே அடைத்த குதிரை முடி துணியைத் துளைத்துக்கொண்டு குத்துகிறது. நடுவில் ஒரு மேடு, இடுப்புக்குப் பள்ளம் இல்லை. இதற்காகவா? இதற்காகவா இத்தனை நாள் வயிறெரிந்தேன்?

"குத்துது மாமா" என்று அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"வாங்கின அன்னைக்கே குத்துச்சு" என்றார். "சரியா நடக்குதா?"

கேட்டேன். சரியாகத்தான் நடந்தது. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

எதிரே பலகையில், மூக்கில் பொன் போனவள் இன்னும் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் நாலு மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.