நம் ஈனம் அல்ல

ஸ்டாக்ஹோம்

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யதுகிரி தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. திருப்பதியில் மழை விட்டதா? அம்மாவின் முழங்கால் தேவலையா?

நான் நிரல் எழுதும் ஜாவா என்ற கணினி மொழியில் 'ஈனம்' (enum) என்று ஒன்று உண்டு அப்பா. நம் ஈனம் அல்ல, மாறாத பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது செய்யவேண்டிய வேலையைச் சுட்டலாம். ரயில் டிக்கெட் நிரலில் 'பதிவு' வரியை நகலெடுத்து, பெயரை மட்டும் 'ரத்து' என்று மாற்றினேன். வேலை பழையதாகவே இருந்தது. இரண்டு வேலைக்கும் எழுத்து வடிவம் ஒன்றே என்பதால், நிரலில் பிழை பிடிக்கும் கம்பைலரும் ஏற்றுக்கொண்டது.

அதைச் சோதித்துப் பார்த்த என் அலுவலகத் தோழி, நம் பக்கத்து நகரி ஊர்ப் பெண் மோனிகா, "இன்னாமே, வேணாம்னு சொல்றவனுக்கு இன்னொரு டிக்கெட் குடுத்துக்கினு இருக்கே?" என்றாள். சிரித்துக்கொண்டே திருத்திவிட்டோம்.

என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று இந்த மாதம்தான் முடிவு செய்கிறார்கள். அதுவரை ஊருக்கு வர லீவு கேட்க முடியாது. அதனால் புளிக்காய்ச்சல் பக்குவத்தை அம்மா எழுதாமல், பேசிப் பதிந்து அனுப்பட்டும். நடுவில் நீங்கள் குறுக்கிட்டாலும் அழிக்க வேண்டாம். மீட்டிங்குக்கு அழைக்கிறார்கள்.

யதுகிரி